தானாக அணைந்து எழுந்த கணினி

எங்கள் வீட்டுக் கணினி முதன்முறையாகத் தானாக அணைந்து எழுந்தபோது அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவன் தம்பி. ஓடிக்கொண்டிருந்தது வலொரண்ட் என்ற விளையாட்டு. திரை சட்டென்று கறுத்தது. உள்ளே சுழன்றுகொண்டிருந்த காற்றாடிகளின் சத்தம் நின்றது. இரண்டு மூன்று செக்கன்களில் யாரும் தொடாமலே கணினி மறுபடி எழும்பி, ஒன்றுமே நடக்காதது போலக் கடவுச்சொல்லைக் கேட்டது. அந்த நேரம் பார்த்து இஷாத் தொழுகை முடிந்து வாப்பா அறைக்குள் வந்தார்.

"வெளையாடி வெளையாடி உடச்சிப் போட்டாய்" என்றார்.

"நான் ஒண்டும் செய்யல்ல வாப்பா. லைட்டும் ஒருக்கா சிமிட்டிச்சி" என்றான் தம்பி.

"சாக்குச் சொல்லாத."

விசாரணை அவ்வளவுதான். அடுத்த இரண்டு வாரங்களில் இதே சம்பவம் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் நடந்தது. வாப்பா மவுஸைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். என் மேலதிக வகுப்பு நேரத்துக்கு மட்டும் அது வெளியே வரும். வகுப்பு முடிந்ததும் உள்ளே போய்விடும்.

நான் அப்போது தம்பியின் பக்கம் இருந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை என்பதால் வாப்பா என்னிடம்தான் காரணம் கேட்டார். "கேம் விளையாடினா கிராபிக்ஸ் கார்ட் சூடாகும் வாப்பா, சூடானா கணினி நின்றுவிடும்" என்று படித்தவள் போலப் பதில் சொன்னேன். அவன் நடு இரவில் எழும்பி விளையாடுவதையும் சேர்த்துச் சொன்னேன். எதையும் அளந்து பார்க்காமல் சொன்ன பதில் அது.

இந்தக் கணினி நானா கட்டாருக்கு வேலைக்குப் போவதற்கு முன்னர் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தியது. உள்ளே ரைசன் 5 3600 என்ற ப்ரொசெசரும் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராபிக்ஸ் கார்டும் இருக்கின்றன. 'கேமிங் கணினி' என்றால் அது விளையாடுவதற்கு மட்டுமே ஆன பெட்டி என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். சாதாரணக் கணினிக்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் அது உறிஞ்சக்கூடிய வலுதான். இணையத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கும்போது எங்கள் கணினிக்கு 75 வாற்று அளவு போதும். விளையாட்டு ஓடும்போது கிராபிக்ஸ் கார்ட் மட்டும் 170 வாற்று வரை எடுக்கும். ப்ரொசெசர் 88 வாற்று வரை எடுக்கும். மற்றவற்றையும் சேர்த்தால் 300 வாற்றைத் தொட்டுவிடும். காணொளி தொகுப்பவர்களுக்கும் வீட்டு வரைபடம் வரைபவர்களுக்கும் இதே பெட்டிதான் தேவைப்படுகிறது. இந்த 75, 300 என்ற இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருங்கள். கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது இவற்றால்தான்.

என் எண்ணம் மாறியது என் சொந்த வேலை பாழானபோது. தமிழ் மன்ற விழாவுக்கான காணொளியைத் தொகுத்து முடித்து, அதை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும்படி கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். நேரம் பின்னேரம் 5.40. பாதி வேலை முடிந்திருந்தபோது திரை கறுத்தது. கணினி அணைந்து எழுந்தது. தம்பி அப்போது மத்ரஸாவில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தான்.

அன்றிரவு ஒரு சீஆர் கொப்பியை எடுத்து நான்கு நிரல்களாகக் கோடு போட்டேன். திகதி, நேரம், அப்போது கணினியில் ஓடியது என்ன, வீட்டில் வேறு என்ன நடந்தது. ஆய்வுகூடத்தில் வாசிப்புகளைக் குறிக்கும் அதே முறைதான். வீட்டில் ஏன் அதைச் செய்யத் தோன்றவில்லை என்பது எனக்கே விளங்கவில்லை.

பழைய சம்பவங்களின் நேரங்களை நான் நினைவிலிருந்து எடுக்கவேண்டி இருக்கவில்லை. விண்டோஸ் தானாகவே ஒரு நாட்குறிப்பு எழுதுகிறது. தேடும் பெட்டியில் இவென்ட் வியூவர் என்று தட்டினால் அது திறக்கும். அதில் சிஸ்டம் என்ற பகுதிக்குள் போனபோது, எங்கள் கணினி அணைந்து எழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு சிவப்பு அடையாளம் இருந்தது. பெயர் கேர்னல்-பவர், இலக்கம் 41. பெயரில் பவர் என்று இருப்பதால் பவர் சப்ளை பழுது என்று முடிவெடுத்துவிடக் கூடாது. ஒழுங்காக மூடப்படாமல் கணினி மறுபடி ஆரம்பித்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். காலையில் கண் விழித்த ஒருவர், 'நான் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை' என்று சொல்வது போன்றது அது. நோயின் பெயரை அது சொல்வதில்லை.

ஆனால் அந்தக் குறிப்பின் விபரப் பகுதிக்குள் பக்செக்கோட் என்று ஒரு வரி இருக்கிறது. விண்டோஸ் தானே ஒரு பெரிய பிழையைக் கண்டு நிறுத்தியிருந்தால், அதாவது நாம் நீலத்திரை என்று சொல்வது வந்திருந்தால், அங்கே பெரும்பாலும் ஓர் எண் இருக்கும். எங்கள் கணினியில் எல்லா இடத்திலும் பூச்சியம். இன்னொன்றும் செய்தேன். நீலத்திரை வந்தாலும் அதை நாம் வாசிக்கும் முன்னரே கணினி மறுபடி தொடங்கிவிடும்படி விண்டோஸில் ஓர் ஏற்பாடு உண்டு. அதை நிறுத்திவைத்தேன். அதற்குப் பிறகும் நீலத்திரை வரவில்லை, கறுப்புத்தான் வந்தது. ஆகவே விண்டோஸுக்குக்கூட 'என்ன நடந்தது' என்று எழுத அவகாசம் கிடைக்கவில்லை. அடியில் இருந்து கரண்ட் போனது போன்ற தோற்றம்.

அடுத்து என் சொந்தக் குற்றச்சாட்டையே சோதித்தேன். சூடு. வெப்பநிலையைக் காட்டும் ஒரு இலவச மென்பொருளை நிறுவி, வாப்பாவிடம் அனுமதி கேட்டுத் தம்பியை விளையாடச் சொன்னேன். அவனுக்கு நம்ப முடியவில்லை. ப்ரொசெசர் 76 பாகை செல்சியஸ், கிராபிக்ஸ் கார்ட் 70. இந்த ப்ரொசெசருக்குத் தயாரிப்பாளர் குறித்த உச்ச வரம்பு 95 பாகை. வரம்பை நெருங்கினாலும் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு இழுபட ஆரம்பிக்கும். எங்கள் கணினி இழுபடவே இல்லை. 76 பாகையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே அணைந்தது. நான் வாப்பாவிடம் சொன்ன 'விஞ்ஞானம்' பத்து நிமிடத்தில் பொய்யானது.

ரேம் என்ற நினைவகத்தை மெம்டெஸ்ட்86 கொண்டு ஓர் இரவு முழுவதும் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. மேற்பெட்டியின் பவர் பொத்தான் இறுகி நின்றாலும் இப்படி நடக்கும் என்று நானா வட்ஸ்அப்பில் சொன்னார், அதுவும் இல்லை. தூசியைத் துடைத்தேன், எதுவும் மாறவில்லை, ஆனால் உம்மாவுக்குச் சந்தோஷம்.

மிச்சம் இருந்தது பவர் சப்ளை. அது பழசானால் விளையாட்டு ஓடும்போது கிராபிக்ஸ் கார்ட் திடீரெனக் கேட்கும் வலுவைக் கொடுக்க முடியாமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளலாம். நவீன கார்டுகள் சில மில்லிசெக்கன்களுக்குத் தங்கள் வழக்கமான அளவைவிட மிக அதிகமாக இழுக்கும். இதற்காகவே 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற நியமம், பவர் சப்ளை ஒன்று மிகக் குறுகிய நேரத்துக்குத் தன் அளவின் இரு மடங்கைத் தாங்கவேண்டும் என்று சொல்கிறது. எங்களுடையது அதற்கு முந்திய 550 வாற்றுப் பவர் சப்ளை. எல்லாம் பொருந்தியது. வாப்பா கணினியைக் கடைக்குக் கொண்டுபோனார்.

கடையில் அதை இரண்டு நாள் ஓடவிட்டார்கள். ஒரு முறைகூட அணையவில்லை. "பழுது ஒன்றும் காட்டவில்லை, விரும்பினால் பவர் சப்ளையை மாற்றிப் பார்க்கலாம்" என்றார்கள். புதிய ஒன்றின் விலையைக் கேட்டு வாப்பா யோசித்துவிட்டு, கணினியை அப்படியே முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து பூட்டிய அன்று இரவே அணைந்தது.

அன்று வீட்டில் எல்லோருக்கும் கோபம். உம்மும்மா கண்ணூறு என்றார். ஆனால் கொப்பியில் அதைக் குறித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. கடையில் ஓடியது இதே கணினி. இதே பவர் சப்ளை, இதே கார்ட். மாறியது என்ன? சுவர்தான். கணினிக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் சந்தேகித்த நான், கணினிக்கு வெளியே இருந்த எதையும் சந்தேகிக்கவில்லை.

எங்கள் சாப்பாட்டு அறையில் குளிரூட்டிக்குப் பக்கத்தில், சில வருடங்களுக்கு முன் பூட்டிய 13 அம்பியர் சதுரக்கால் பிளக் பேஸ் ஒன்று இருக்கிறது. கணினியையும் திரையையும் அவை பூட்டியிருந்த மல்டி பிளக்கையும் அப்படியே தூக்கிக்கொண்டு அங்கே போனேன். மல்டி பிளக்கையும் சேர்த்துக் கொண்டுபோனதற்குக் காரணம் உண்டு. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். சாப்பாட்டு மேசையில் இருந்து தம்பி மூன்று மணி நேரம் விளையாடினான். வாப்பா பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே.

உறுதிப்படுத்துவதற்காக மறுபடி பழைய அறைக்குக் கொண்டுபோனேன். 35 நிமிடங்களில் அணைந்தது.

அப்போதுதான் தம்பி மறுபடியும் சொன்னான்: "தாத்தா, லைட் சிமிட்டுது. நான் அன்டைக்கே சொன்னேன்தானே."

மேசை விளக்கு ஒரு சின்ன எல்ஈடி விளக்கு. அதுவும் அதே மல்டி பிளக்கில்தான் பூட்டியிருந்தது. கணினியில் விளையாட்டை நிறுத்திவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். சில நிமிடங்களில் விளக்கு ஒருமுறை சிமிட்டியது. கணினி அணையவில்லை. பிறகு ஒருமுறை. அப்போதும் அணையவில்லை. விளையாட்டைப் போட்டோம். அடுத்த சிமிட்டலோடு கணினி செத்து எழும்பியது.

அதே சிமிட்டல், ஓய்வாக இருக்கும்போது தாங்குகிறது, வேலை செய்யும்போது தாங்கவில்லை. இதற்குக் காரணம் எங்கள் பௌதிகவியல் பாடத்திலேயே இருந்தது.

சுவரில் இருந்து வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். ஒரு செக்கனுக்கு 50 சுற்று; அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். பவர் சப்ளை இதை நேரோட்டமாக மாற்றி, முதலில் ஒரு பெரிய கொள்ளளவியில் சேர்த்துவைக்கிறது. அங்கிருந்துதான் கணினிக்கு வேண்டிய 12 வோல்ற்று முதலியவற்றை உருவாக்குகிறது. நம் வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கி போலத்தான். குழாயில் தண்ணீர் சற்று நேரம் நின்றாலும் தாங்கியில் இருப்பது குசினிக்கு வந்துகொண்டிருக்கும். எவ்வளவு நேரம் வரும்? எத்தனை பைப்புகளைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கணக்காகவே செய்து பார்த்தேன். இந்த அளவுப் பவர் சப்ளையில் 330 மைக்குரோபரட் கொள்ளளவி ஒன்று இருப்பது வழக்கம். அது 380 வோல்ற்றுக்கு ஏற்றப்பட்டிருக்கிறது என்றும், 300 வோல்ற்றுக்கு இறங்கும்வரை பவர் சப்ளை சமாளிக்கும் என்றும் எடுத்துக்கொண்டேன். கொள்ளளவத்தை அழுத்தவேறுபாட்டின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் அதில் உள்ள சக்தி. 380க்கும் 300க்கும் உரிய விடைகளின் வித்தியாசம் ஏறத்தாழ 9 யூல். இதுதான் சுவரில் கரண்ட் நின்றால் கணினிக்குக் கிடைக்கும் முழுச் சேமிப்பு.

75 வாற்று எடுக்கும் கணினி இந்த 9 யூலை முடிக்க 120 மில்லிசெக்கன் ஆகும். 300 வாற்று எடுத்தால் 30 மில்லிசெக்கனில் முடிந்துவிடும். விரயமாகும் வெப்பத்தையும் கணக்கில் எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே கரண்ட் 50 மில்லிசெக்கன் விட்டுப்போனால், இணையத்தில் வாசிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. விளையாடுபவருக்குத் திரை கறுக்கும். அழுத்தவேறுபாடு விழுந்ததும் பவர் சப்ளை, 'என் வலு சரியில்லை' என்று மதர்போர்டுக்கு ஒரு சைகை அனுப்பும். மதர்போர்ட் உடனே எல்லாவற்றையும் நிறுத்தும். கரண்ட் திரும்பியதும் சைகையும் திரும்பும், கணினி புதிதாகத் தொடங்கும். விண்டோஸுக்கு இது எதுவும் தெரியாது. கண் விழித்ததும் 41 என்று எழுதிவைக்கும்.

விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. விளையாடியிருக்காவிட்டால் இந்தப் பழுது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் அப்படித் தெரியாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அடுத்த நாள் கண்டோம்.

ஏனென்றால் சுவருக்குப் பக்கத்தில் குனிந்தபோது ஒரு வாசம் வந்தது. மீன் வாசம் போல, எரிந்த பிளாஸ்டிக் போல. அந்த அறையில் இருப்பது பழைய 5 அம்பியர் வட்டக்கால் பிளக் பேஸ். வீடு கட்டியபோது ஒரு மேசை விளக்குக்கும் ரேடியோவுக்கும் என்று வைத்தது. அதில் ஒரு அடப்டர், அடப்டரில் மல்டி பிளக், மல்டி பிளக்கில் மற்ற எல்லாம். அடப்டரின் மேல் புறங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. வாப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போய் மெயின் சுவிட்சை நிறுத்தினார்.

அடுத்த நாள் வயரிங் பாஸ் வந்து பிளக் பேஸைக் கழற்றினார். உள்ளே பித்தளைத் தகடுகள் கறுத்து, பிடிப்பு விரிந்து போயிருந்தன. பின்பக்க வெள்ளைப் பிளாஸ்டிக் தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறியிருந்தது. அடப்டரின் ஒரு கால் நீலமும் கறுப்புமாக இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா பத்தியிருக்கும்" என்றார். பக்கத்தில் தொங்குவது ஜன்னல் சீலை. உம்மா அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வாப்பா அவரிடம் கேட்ட கேள்வியை நானும் கேட்க நினைத்திருந்தேன்: "ட்ரிப் சுவிட்ச் ஏன் விழல்ல?" நம்மில் அதிகமானோர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் எல்லா ஆபத்தில் இருந்தும் பாதுகாப்பு என்று நம்புகிறோம். அது பார்ப்பது கசிவை. போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், யாருடைய உடம்பு வழியாகவோ எங்கேயோ கசிகிறது என்று விழுகிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய எம்சிபிக்கள் பார்ப்பது அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை. தளர்ந்த பிடிப்பில் கசிவும் இல்லை, மிஞ்சிய மின்னோட்டமும் இல்லை. போகிற மின்னோட்டம் முழுவதும் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. வழியில் ஒரு சிறு புள்ளியை மட்டும் சுட்டுக்கொண்டு வருகிறது. அந்தச் சூட்டை அறிய அந்தப் பெட்டியில் எதுவும் இல்லை. நம் மூக்கும் கையும்தான் இருக்கின்றன. அதற்கு முன்னால் ஒரு விளக்கின் சிமிட்டல் இருக்கிறது.

பாஸ் பழைய வயரை இழுத்துக் காட்டினார். விளக்குகளுக்கு இழுக்கும் 1/1.13 வயர். அதை விட்டுவிட்டு 7/0.67 வயரில் புதிய பாதை இழுத்து, 13 அம்பியர் பிளக் பேஸ் பூட்டிக் கொடுத்தார். செலவு ஒரு பவர் சப்ளையின் விலையைவிடக் குறைவு.

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பாஸ் போகும்போது, "இதில பெரிசா என்ன பூட்டினீங்க? கொம்பியூட்டரால இப்படி விரியாது" என்றார்.

2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைகூடக் கரண்ட் வெட்டிய காலம் நினைவிருக்கும். கரண்ட் வரும் கொஞ்ச நேரத்துக்குள் உம்மா குசினியில் அரைப்பதும் வாப்பா மோட்டர் போடுவதுமாக வீடே ஓடும். சாப்பாட்டு அறைப் பிளக் பேஸ் யாருக்காவது வேண்டியிருக்கும். அப்போது என் பாடசாலைச் சீருடையையும் பர்தாவையும் நான் நானாவின் அறையில், அந்த மல்டி பிளக்கில் அயன் பண்ணத் தொடங்கினேன். வெட்டு நின்றது. பழக்கம் நிற்கவில்லை. நானா போன பிறகு அந்த அறை எனக்குப் படிக்கும் அறையானது. ஒவ்வொரு நாள் காலையிலும் அதே இடத்தில்தான் அயன் பண்ணினேன்.

எங்கள் அயன் 1200 வாற்று. 230ஆல் வகுத்தால் 5.2 அம்பியர். 5 அம்பியர் பேஸ் ஒன்றுக்கு, அடப்டர் வழியாக. விளையாட்டு ஓடும் கணினியும் திரையும் சேர்ந்து எடுப்பது ஏறத்தாழ 1.5 அம்பியர்தான். ஒரு தடையில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமன் என்று நான் எத்தனை விடைத்தாள்களில் எழுதியிருப்பேன்! மின்னோட்டம் மூன்றரை மடங்கு என்றால் வெப்பம் பன்னிரண்டு மடங்கு. பித்தளைத் தகடு தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறித் தன் பிடிப்பை இழந்தது. பிடிப்புத் தளரத் தளரத் தடை கூடியது. தடை கூடக் கூட இன்னும் சூடானது. அயன் பண்ணும்போது கரண்ட் 50 மில்லிசெக்கன் விட்டுப்போனாலும் எனக்குத் தெரியாது. அடித்தட்டு அதற்குள் ஆறிவிடாது. தெரிந்தது கணினிக்கு மட்டும்தான்.

வேறு வீடுகளில் இதே நோய்க்கு வேறு காரணம் இருக்கும். தூசியில் அடைபட்ட காற்றாடி, காய்ந்துபோன வெப்பப் பசை, சரியாக அமராத ரேம், உண்மையிலேயே பழுதான பவர் சப்ளை, எல்லாம் நடக்கக்கூடியவைதான். ஆனால் ஒரு பாகத்தை விலைகொடுத்து வாங்குவதற்கு முன், கணினியைப் பக்கத்து வீட்டிலோ வேறு அறையிலோ ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். அதற்குச் செலவில்லை. கடையில் ஓடியது வீட்டில் நின்றால் அதைக் கடைக்காரரின் மீது கோபப்படுவதற்கான காரணமாக எடுக்காமல் ஒரு வாசிப்பாகக் கொப்பியில் குறியுங்கள். இரண்டைச் செய்யவேண்டாம். ஒன்று, சுவரில் உள்ள பிளக் பேஸை நீங்களே கழற்றுவது. மற்றது, பவர் சப்ளைப் பெட்டியைத் திறப்பது. நான் சொன்ன அந்தக் கொள்ளளவி, பிளக்கைக் கழற்றிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ற்றைத் தனக்குள் வைத்திருக்கக்கூடும்.

வாப்பா அன்று மாலை அலுமாரியைத் திறந்து மவுஸை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். "நீ சொன்னது சரிதான், லைட் சிமிட்டினது" என்றார். வாப்பா இவ்வளவு நீளமாக அவனிடம் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. நான் கொப்பியை விரித்து, 9 யூல் கணக்கையும் பன்னிரண்டு மடங்குக் கணக்கையும் அவனுக்குப் படம் போட்டு விளக்கினேன். தரம் 9 பிள்ளை, கவனமாகக் கேட்டான்.

"அப்ப பிழை கேமில இல்ல" என்றான்.

"இல்ல. அயன்ல."

அவன் கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"யார்ட அயன்ல?"